உறைய வைத்த உணவு எப்போது பாதுகாப்பானது? ஃப்ரீசருக்கு முன்னும் பின்னும் நடப்பவை

2020 அக்டோபரில் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில், ஜிஷி நகரப் பகுதியைச் சேர்ந்த ஒரே குடும்பத்தில் 9 பேர், வீட்டில் செய்த சோள நூடுல்ஸைச் சாப்பிட்டு உயிரிழந்தனர். அந்த உணவு ஏறத்தாழ ஓராண்டு ஃப்ரீசரில் இருந்தது என்ற தகவல் செய்திகளில் முன்னால் நின்றதால், உறைய வைத்ததே உணவை நஞ்சாக்கிவிட்டது என்று பலரும் எண்ண இடமாயிற்று. சுகாதார அதிகாரிகள் கண்டறிந்த காரணம் வேறு. புளிக்க வைத்த சோள மாவில் ஒரு வகை பாக்டீரியா வளர்ந்து, போங்க்ரெக் அமிலம் என்னும் நச்சைச் சுரந்திருந்தது. அந்த நச்சை உறைநிலைக் குளிரும் அழிக்கவில்லை, பிறகு கொதிக்க வைத்த வெப்பமும் அழிக்கவில்லை.

இதற்கு 12 ஆண்டுகள் முன்பு, 2008இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 20 வயது மாணவர் ஒருவர், சமைத்து 5 நாட்கள் சமையலறையில் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டு மறுநாள் காலைக்குள் இறந்தார். அங்கே ஃப்ரீசருக்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். உணவின் பாதுகாப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அது ஃப்ரீசருக்குள் போகும் முன் கழிந்த நேரமும், வெளியே வந்த பின் கழியும் நேரமும்தான். உள்ளே இருக்கும் மாதங்கள் சுவையைத்தான் அதிகம் பாதிக்கின்றன. ஆனால் வீடுகளில் கேட்கப்படும் கேள்வியோ, "எத்தனை நாள் உள்ளே வைக்கலாம்?" என்பதாகவே இருக்கிறது.

உறைதல் எதைச் செய்கிறது, எதைச் செய்யாது

ஃபிரிட்ஜில் வைப்பதும் ஃப்ரீசரில் வைப்பதும் ஒரே வேலையின் இரண்டு அளவுகள் என்று கருதக் கூடாது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள ஃபிரிட்ஜில் பெரும்பாலான நுண்ணுயிர்களின் வளர்ச்சி மெதுவாகிறதே தவிர நிற்பதில்லை. லிஸ்டீரியா போன்ற சில அந்தக் குளிரிலும் பெருகும். ஃப்ரீசருக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் உணவிலுள்ள நீரின் பெரும்பகுதி பனிக்கட்டியாகிவிடுவதால், நுண்ணுயிர்கள் பயன்படுத்த நீர் கிடைப்பதில்லை. வளர்ச்சி முற்றிலும் நின்றுபோகிறது.

இங்கே நான்கு செய்திகளை வேறுபடுத்திப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. வளர்ச்சி நிற்கிறது, உயிர் போவதில்லை. பாக்டீரியாக்களில் ஒரு பகுதி மடிந்தாலும், மீதமுள்ளவை பனி உருகியதும் பெருகத் தொடங்கும்.

2. ஏற்கெனவே சுரந்த நச்சு அப்படியே இருக்கும். ஜிஷியில் நடந்தது இதுதான். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் உருவாகும் ஹிஸ்டமினும் இந்த வகையே. உறைய வைத்தாலும் குழம்பில் கொதித்தாலும் அது போகாது.

3. கொழுப்பு காறுவதும் நொதிகளின் வேலையும் மிக மெதுவாகத் தொடர்கின்றன. உறைந்த உணவும் மாதங்கள் செல்லச் செல்ல மணம் குன்றிச் சிக்கு வாடை அடிப்பது இதனால்தான்.

4. மைனஸ் 18 டிகிரியில் மாறாமல் இருக்கும் உணவு, காலம் கடந்ததால் மட்டும் ஆபத்தானதாகிவிடாது. சமைத்த உணவுக்கு 2 முதல் 3 மாதம் என்று சொல்லப்படும் கெடு, தரம் குறையாமல் இருக்கும் காலத்தைக் குறிக்கிறது.

ஜிஷிச் செய்தியைப் படித்து இட்லி மாவைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. இட்லி மாவில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து விரைவில் புளிப்பேற்றுகின்றன. போங்க்ரெக் அமிலத்தைச் சுரக்கும் பாக்டீரியா வேறு இனம். அந்த நச்சு முதலில் அறியப்பட்டது இந்தோனேசியாவின் ஜாவாவில், தேங்காய்ப் பிண்ணாக்கைப் புளிக்க வைத்துச் செய்யும் ஓர் உணவில்.

அடுப்பை அணைத்த பிறகு ஓடும் நேரம்

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்கும்வரை நோய்க்கிருமிகள் பெருகுவது கடினம். இடைப்பட்ட 5 முதல் 60 டிகிரி வரையிலான எல்லையை உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆபத்து வெப்பநிலை என்கின்றனர். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காற்றின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கெடுவை 1 மணி நேரமாகக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது.

தமிழ்நாட்டுச் சமையலறைக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது கணக்குதான். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் ஏப்ரல், மே மாதங்களில் அடுப்பு எரியும் அறையில் 35 டிகிரி என்பது சாதாரணம். காலை 8 மணிக்குக் கொதித்து இறங்கிய சாம்பார், மதியச் சாப்பாடு முடிந்தும் அதே பாத்திரத்தில் மேடையில் இருந்து, இரவு 9 மணிக்கு மிச்சம் என்று தெரிந்த பிறகு ஃப்ரீசருக்குப் போகிறது. இடையில் 13 மணி நேரம் கழிந்துவிட்டது. சாதகமான வெப்பத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒற்றைப் பாக்டீரியா, 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். ஊசிப்போன வாடையோ நூல் விடுவதோ தெரியவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. உணவைக் கெடுக்கும் கிருமிகளும் நோய் தரும் கிருமிகளும் பெரும்பாலும் வேறுவேறானவை என்பதால், மணமும் சுவையும் மாறாத உணவிலும் நச்சு இருக்கலாம்.

இறைச்சிக் குழம்பு, பிரியாணி போன்றவற்றைப் பெரிய அண்டாவில் சமைத்து அப்படியே ஆறவிடும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையைத் தாங்கிப் பிழைத்து, குழம்பு 40 முதல் 45 டிகிரிக்கு இறங்கும்போது முளைத்து, சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக் கூடியவை. பாத்திரத்தின் ஓரத்தில் கைபடும் இடம் ஆறியிருந்தாலும், நடுவில் அந்த வெப்பம் பல மணி நேரம் நிலைத்திருக்கும். விருந்துச் சமையலில் ஏற்படும் வயிற்றுப்போக்குக்கு இது நன்கறியப்பட்ட காரணம்.

ஆகவே உணவை விரைவாக ஆறவைப்பதே உறைய வைக்கும் வேலையின் முதல் பாதி என்று நான் கருதுகிறேன். பொங்கல், பிரியாணி, சாதம் போன்ற கெட்டியான உணவுகளில் வெப்பம் உள்ளிருந்து மெல்லக் கடந்துதான் வெளியே வர வேண்டும். அதனால் அடுக்கின் தடிமன் இரு மடங்கானால், ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் குவிந்திருக்கும் சாதத்தை அகலமான தாம்பாளத்தில் 5 சென்டிமீட்டருக்குள் பரப்பினால் வேலை எவ்வளவு எளிதாகும் என்பதை இதிலிருந்தே அறியலாம். குழம்பு வகைகளுக்கு, பாத்திரத்தை ஐஸ் கட்டி போட்ட தண்ணீர்ப் பேசினில் இறக்கி வைத்து, சுத்தமான கரண்டியால் அவ்வப்போது கிளறுவது நல்ல வழி. 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்திலும் உணவு குளிர்ந்துவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு விதித்தொகுப்பு உணவகங்களுக்கு வகுத்த கணக்கு. வீட்டு அளவில் சிறு பாத்திரங்களில் பிரித்துவிட்டால் இதைவிட விரைவாகவே முடியும்.

சூடான உணவை ஃபிரிட்ஜில் வைத்தால் அந்த உணவு கெட்டுவிடும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. உண்மையில் கெடக்கூடியவை பக்கத்தில் இருக்கும் பாலும் கறியும்தான். கொதிக்கும் அண்டா ஒன்றை உள்ளே ஏற்றினால் பெட்டியின் மொத்த வெப்பநிலையும் ஏறிவிடும். ஆவி அடங்கி வெதுவெதுப்பாகிவிட்ட சிறிய டப்பாவை உள்ளே வைப்பதில் தவறில்லை. முற்றிலும் ஆறட்டும் என்று இரவு முழுவதும் வெளியே விடுவதே பெரிய ஆபத்து.

இன்னொரு வழக்கத்தையும் மாற்றிக்கொண்டால் பாதி அபாயம் குறையும். சாப்பாடு முடிந்த பிறகு மிஞ்சியதை உறைய வைப்பதைவிட, அடுப்பிலிருந்து இறக்கியதும், பரிமாறும் முன்பே, கூடுதலாகச் சமைத்த பங்கைத் தனியே எடுத்து ஆறவைத்து உறைய வைப்பது மேல். பரிமாறிய பாத்திரத்தில் பல கரண்டிகள் நுழைந்திருக்கும், கையும் பட்டிருக்கும். தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் உணவில் பெருகிச் சுரக்கும் நச்சும், கொதிக்க வைத்தால் அழியாத வகையைச் சேர்ந்தது.

சோறு ஏன் தனிக் கவனம் கேட்கிறது

அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள், சோறு வேகும் கொதிநிலையிலும் பிழைக்கக் கூடியவை. வடித்த சோறு அறை வெப்பநிலையில் நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி, செரியுலைடு என்ற நச்சைச் சுரக்கின்றன. இந்த நச்சு 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கும் என்பதால், பழைய சாதத்தை எவ்வளவு நன்றாகத் தாளித்துக் கிளறினாலும் பயனில்லை. பிரஸ்ஸல்ஸ் மாணவரின் உணவிலும் இந்த பாக்டீரியாவின் நச்சே கண்டறியப்பட்டது. பிரிட்டனின் உணவுத் தர முகமை, சோற்றை 1 மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்கவும், 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடவும் சொல்கிறது. மற்ற மிஞ்சிய உணவுகளுக்கு அது 2 நாள் தருகிறது. அமெரிக்க வேளாண் துறையோ 3 முதல் 4 நாள் என்கிறது. கணக்குகள் வேறுபட்டாலும் சோற்றுக்குக் கெடு குறைவு என்பதை மனத்தில் வைப்பது நல்லது.

அப்படியானால் இரவெல்லாம் வெளியில் இருக்கும் பழைய சோறு எப்படிச் சரியாகும் என்று கேட்கலாம். நீரில் மூழ்கிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன. அந்தப் புளிப்பு பிற கிருமிகளுக்கு ஒவ்வாதது. அது தனியொரு பதப்படுத்தும் முறை. அதற்கெனச் சோற்றை நீரில் மூழ்கடித்து வைக்கிறார்கள். குக்கரில் வெறுமனே மூடிவைத்த சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதுபோலவே, மிஞ்சிய குழம்பை நாளுக்கு இருமுறை கொதிக்க வைத்துச் சுண்டக்குழம்பாக்கும் வழக்கம், ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் ஓரளவு அறிவார்ந்த ஏற்பாடே. நீர் வற்றுகிறது, புளியும் உப்பும் செறிகின்றன, வளர்ந்த கிருமிகள் ஒவ்வொரு கொதியிலும் மடிகின்றன. வித்துகளும் வெப்பம் தாங்கும் நச்சுகளும் மட்டும் அந்தக் கொதிக்கு அடங்குவதில்லை. இறைச்சியும் தேங்காயும் சேர்ந்த குழம்பை இந்த முறையை நம்பி வைத்திருப்பது சரியல்ல.

சோற்றை உறைய வைப்பதில் ஒரு நன்மையும் உண்டு. வெந்த மாவுச்சத்து மீண்டும் இறுகி விரைப்பாவது, ஃபிரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. உறைநிலையில் அது ஏறத்தாழ நின்றுவிடும். அதனால் வடித்த அன்றே உறைய வைத்த சோற்றை ஆவியில் சூடாக்கினால், 2 நாள் ஃபிரிட்ஜில் இருந்த சோற்றைவிட மென்மையாக இருக்கும்.

உங்கள் ஃப்ரீசர் எவ்வளவு குளிர்ந்தது

ஃபிரிட்ஜின் முகப்பில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின் சிக்கனத்தைக் குறிப்பவை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2006இல் தொடங்கிய திட்டத்தின்படி அவை தரப்படுகின்றன. ஃப்ரீசரின் குளிரைக் குறிக்கும் நட்சத்திரங்கள் வேறு. பல மாதிரிகளில் அவை ஃப்ரீசரின் கதவிலோ கையேட்டிலோ பனித்துகள் வடிவில் அச்சாகியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜ் என்பதால் எதையும் மாதக்கணக்கில் வைக்கலாம் என்று எண்ணுவது தவறு. குளிர் நட்சத்திரங்களின் பொருள் இது:

1. ஒரு நட்சத்திரம்: மைனஸ் 6 டிகிரி. ஏற்கெனவே உறைந்த உணவை ஏறத்தாழ ஒரு வாரம் வைக்கலாம்.

2. இரண்டு நட்சத்திரம்: மைனஸ் 12 டிகிரி. ஏறத்தாழ ஒரு மாதம்.

3. மூன்று நட்சத்திரம்: மைனஸ் 18 டிகிரி. ஏறத்தாழ மூன்று மாதம்.

4. நான்கு நட்சத்திரம்: மைனஸ் 18 டிகிரி, அத்துடன், வீட்டில் சமைத்த புது உணவையும் உறைய வைக்கும் திறன் உள்ளது.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்குள் மேலே இருக்கும் ஐஸ் பெட்டி எப்போதும் மைனஸ் 18 டிகிரியை எட்டும் என்று நம்ப முடியாது. கோடையில் மின்னழுத்தம் குறைந்தாலோ, உள்ளே பனி விரலளவு தடித்திருந்தாலோ குளிர் மேலும் குறையும். இதற்கென விற்கும் சிறிய வெப்பமானி ஒன்றை உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே இரவு முழுவதும் வைத்துக் காலையில் பார்ப்பதே சரியான சோதனை. அது இல்லாவிட்டால் ஐஸ்கிரீமைப் பாருங்கள். ஐஸ்கிரீம் கல்போல் இறுகாமல் கரண்டிக்கு இளகிக் கொடுத்தால், அந்தப் பெட்டி நீண்டகாலச் சேமிப்புக்கு உரியதன்று. அதில் வைத்த உணவை ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது.

பெட்டி நன்றாக இயங்கினாலும் அதன் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. 0 டிகிரியில் இருக்கும் 1 கிலோ தண்ணீரைப் பனிக்கட்டியாக்க 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதே தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவரவும் ஏறக்குறைய அதே அளவுதான் தேவை. அதாவது, ஆறிக் குளிர்ந்த உணவையும் உறைய வைப்பது ஃப்ரீசருக்குப் பெரும் பளு. 10 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் அரைக் கிலோவுக்கு மேல் புது உணவை ஏற்ற வேண்டாம் என்பது நடைமுறைக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 5 கிலோ உணவைச் சிறிய ஐஸ் பெட்டியில் அடுக்கினால், நடுவில் உள்ளவை பல மணி நேரம் உறையாமலே இருக்கும். ஏற்கெனவே உறைந்தவையும் இளகும்.

மெதுவாக உறைவதால் சுவையும் கெடுகிறது. அவ்வாறு உறையும்போது பனிப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து காய்கறி, இறைச்சி ஆகியவற்றின் திசுக்களைக் கிழிக்கின்றன. இளகும்போது நீர் கசிந்து சக்கையாகிப் போவது அதனால்தான். விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறியவையாக இருக்கும்.

அளவும் பாத்திரமும்

ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்பது முதல் விதி. 4 பேருக்கான குழம்பு ஒரே கட்டியாக உறைந்தால் பாதியைப் பெயர்த்தெடுக்க வழியில்லை. முழுவதையும் இளக்கி மீதியைத் திரும்ப வைக்க நேரும். தட்டையாகப் பரப்பிய ஜிப் பைகள் விரைவாக உறையும், விரைவாக இளகும். உறைந்த பிறகு புத்தகம்போல் நிறுத்தி அடுக்கலாம்.

உறையும்போது நீரின் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். அதனால் ரசமோ குழம்போ ஊற்றும் டப்பாவில் மேலே 2 சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். கண்ணாடிப் பாட்டிலின் குறுகிய கழுத்துவரை நிரப்பினால் அது விரிசல் விடும். எவர்சில்வர் டப்பா உறைய வைக்க மிக ஏற்றது. வெப்பத்தை விரைவாகக் கடத்தும், புளிக்கு அசையாது. மூடி மட்டும் காற்றுப் புகாமல் இறுக வேண்டும். அலுமினியத் தாளில் புளி, தக்காளி சேர்ந்த உணவைச் சுற்ற வேண்டாம். அமிலம் அதை அரிக்கும். உணவகத்தில் பார்சல் தந்த மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்கள் குளிரில் நொறுங்கக் கூடியவை. பிளாஸ்டிக் வாங்கும்போது கண்ணாடிக் குவளையும் முள்கரண்டியும் கொண்ட உணவுத் தரக் குறியீட்டைப் பார்த்து வாங்கலாம்.

பையிலிருந்து காற்றை அழுத்தி வெளியேற்றுவது சுவைக்காக. காற்றுப் படும் இடத்தில் பனி நீராகாமல் நேரே ஆவியாகி, உணவின் மேற்பரப்பு வெளுத்து உலர்ந்துவிடுகிறது. அந்தப் பகுதியைச் சாப்பிட்டால் கெடுதல் இல்லை. நார்போல் சுவையற்று இருக்கும், அவ்வளவுதான்.

உணவின் பெயரையும் வைத்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். உறைந்த பிறகு வற்றல் குழம்பும் காரக்குழம்பும் ஒன்றுபோலவே தோன்றும்.

எவை தாங்கும், எவை தாங்கா

இட்லி மிக நன்றாகத் தாங்கும். ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைய வைத்துப் பின் பையில் போடலாம். இட்லி மாவையும் உறைய வைக்கலாம் என்றாலும், பொங்கும் திறன் குறையும் என்பதால் மாவைவிட இட்லியாக வைப்பதே பயனுள்ளது. துருவிய தேங்காய், வெந்த பருப்பு, வேக வைத்த கொண்டைக்கடலை, வெங்காயம் தக்காளித் தொக்கு, ஒன்றுக்கொன்று நடுவில் பட்டர் பேப்பர் வைத்த சப்பாத்தி, இறைச்சிக் குழம்பு ஆகியவையும் ஏற்றவை.

உருளைக்கிழங்கு மணல்மணலாகும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும். தயிர் சாதமும் மோர்க்குழம்பும் திரிந்து நீர் பிரியும். சுரைக்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸ் பொரியல் நீர்த்துப்போகும். தேங்காய்ப்பால் சேரும் சொதியையும் குருமாவையும் பால் ஊற்றும் முன் உறைய வைத்து, சூடாக்கும்போது புதிதாக ஊற்றலாம். மிளகு, கிராம்பு, பூண்டு ஆகியவற்றின் காட்டம் உறைநிலையில் மாறிச் சற்றுக் கசக்கக் கூடும். ஆகவே மசாலாவைக் குறைத்துப் போட்டு, தாளிப்பையும் கறிவேப்பிலை கொத்தமல்லியையும் பரிமாறும் நாளுக்கு ஒத்திவைப்பது சுவை காக்கும் வழி.

வெளியே எடுத்த பிறகு

காலையில் எடுத்து மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய் மாலையில் வந்து சூடாக்குவது, உறைய வைத்ததன் பயனை முழுவதும் அழித்துவிடும். நடுவில் பனிக்கட்டி இருக்கும்போதே மேற்பரப்பு அறை வெப்பத்தை எட்டி, அங்கே கிருமிகள் மணிக்கணக்கில் பெருகியிருக்கும். சரியான வழிகள் இவை:

1. இளக்காமலே சூடாக்குதல். சாம்பார், குழம்பு வகைகளை உறைந்த கட்டியாகவே சிறிது நீர் தெளித்த வாணலியில் போட்டு, மூடிக் கொதிக்க விடலாம். இட்லியை உறைந்தபடியே இட்லிப் பானையில் ஏற்றலாம். வீட்டில் மிகவும் பாதுகாப்பான வழி இதுவே.

2. ஃபிரிட்ஜுக்குள் இளக்குதல். பிரியாணி, இறைச்சித் துண்டுகள் போன்றவற்றை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். இளகிய பின் 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.

3. குளிர்ந்த நீரில் இளக்குதல். நீர் புகாத பையோடு குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் கோடையில் வெதுவெதுப்பாக வருவதால் ஐஸ் சேர்ப்பது அவசியம். இளகியதும் உடனே சூடாக்க வேண்டும்.

4. மைக்ரோவேவில் இளக்குதல். சில இடங்கள் வெந்தும் சில இடங்கள் உறைந்தும் இருக்கும் என்பதால், இதிலும் உடனே முழுச் சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

சூடாக்குதல் என்றால் வெதுவெதுப்பாக்குதல் என்று பொருளில்லை. குழம்பு தளதளவென்று கொதிக்க வேண்டும். கெட்டியான உணவின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும், அதாவது உள்ளேயும் ஆவி பறக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் பாதியில் நிறுத்திக் கிளறிவிட வேண்டும். ஒருமுறை சூடாக்கியதை அன்றே தீர்த்துவிட்டு, மிஞ்சினால் திரும்ப உறைய வைக்காமல் விடுவதே முறை. ஃபிரிட்ஜுக்குள் இளகி, குளிர் குறையாமல் இருந்த உணவைத் திரும்ப உறைய வைப்பது ஆபத்தில்லை, சுவைதான் குறையும். வெளியில் வைத்து இளக்கியதைத் திரும்ப வைக்கவே கூடாது. இளக்கிய பச்சை இறைச்சியைச் சமைத்துவிட்டால், அந்தச் சமைத்த உணவைப் புதிதாக உறைய வைக்கலாம்.

கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புத் திறன் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த விதிகளில் எந்தத் தளர்வும் வேண்டாம். லிஸ்டீரியா கருவுற்ற பெண்ணுக்கு லேசான காய்ச்சலாக வந்து கருவின் உயிரைப் பறிக்கக் கூடியது. அது உறைநிலையிலும் பிழைத்திருக்கும், நன்கு சூடாக்கினால்தான் மடியும்.

மின்சாரம் போனால்

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையின் தாழ்வான பகுதிகளிலும் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இப்படிப்பட்ட நாட்களில் ஃப்ரீசரில் இருப்பதை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தெளிவான விடை உண்டு.

கதவைத் திறக்காவிட்டால், நிரம்பிய தனி ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைத் தக்கவைக்கும். ஃபிரிட்ஜ் பகுதிக்கு 4 மணி நேரம்தான் கெடு. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சிறிய ஐஸ் பெட்டிக்கு இந்த 24, 48 மணிக் கணக்கைப் பொருத்தக் கூடாது. அது மிக விரைவில் இளகும். புயல் எச்சரிக்கை வந்ததும் காலி இடங்களில் தண்ணீர்ப் பாட்டில்களை முக்கால் பங்கு நிரப்பி உறைய வைத்தால் குளிர் கூடுதல் நேரம் நிற்கும், பிறகு அது குடிநீராகவும் ஆகும்.

ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பனி உருகவில்லை என்று பொருள். அடியில் கிடந்து மேலே பனி மூடியிருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது.

மின்சாரம் திரும்பியதும் ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியே தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ, ஃபிரிட்ஜில் வைத்ததுபோல் 4 டிகிரிக்குள் சில்லென்று இருந்தாலோ உடனே சமைக்கலாம் அல்லது திரும்ப உறைய வைக்கலாம். முற்றிலும் இளகி 2 மணி நேரத்துக்கு மேல் அந்தக் குளிரை இழந்திருந்த இறைச்சி, மீன், பருப்பு, சோறு ஆகியவற்றைக் கொட்டிவிட வேண்டும். சந்தேகம் உள்ளதைச் சுவைத்துப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வெள்ள நீர் புகுந்த பெட்டியில் இருந்த உணவு உறைந்தே இருந்தாலும், பிளாஸ்டிக் பையிலோ திருகு மூடி டப்பாவிலோ இருந்தாலும், அதை வீட்டில் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கழிவுநீர் கலந்த வெள்ளம் அந்த மூடிகளின் இடுக்குகளில் புகுந்திருக்கும்.